கருத்தம்மாளின் முறைக்கல்

பள்ளி ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கும் ஊராட்சித் தலைவர் வெள்ளத்துரை ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் பள்ளித் துணை ஆய்வாளர் ஐயா அவர்களே, பந்தலும் மைக் செட்டும் உபயம் செய்த தனுஷ்கோடி அண்ணாச்சி அவர்களே, இடமில்லாமல் வெயிலில் நிற்கும் பெரியோர்களே, முந்தானையைத் தலையில் போட்டு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, வந்திருக்கும் என் பிள்ளைகளே, வராத என் பிள்ளைகளே, உங்கள் அனைவருக்கும் உடைக்குளம் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை சௌந்தரத்தின் பணிவான வணக்கம்.

வராதவர்களுக்கு எதற்கு வணக்கம் என்று அண்ணாச்சி சிரிக்கிறார். சிரியுங்கள் அண்ணாச்சி. நான் பேசி முடிக்கும்போதும் அந்தச் சிரிப்பு மிச்சமிருந்தால் எனக்கும் கொஞ்சம் கொடுங்கள்.

சற்று முன்பு துணை ஆய்வாளர் ஐயா பேசினார். இந்த எழுபத்து நான்காம் ஆண்டில் இப்பள்ளியில் தேர்வு எழுதிய அனைவரும் தேர்ச்சி, நூற்றுக்கு நூறு என்று பாராட்டினார். நீங்கள் கைதட்டினீர்கள். நான் தட்டவில்லை. எழுதியவர்கள் யார்? கடைத்தெருப் பிள்ளைகள். இப்பள்ளியில் பாதிக்கு மேல் இருந்த கிழக்குத் தெருப் பிள்ளைகள் எங்கே? கூலிக்காரர் வீட்டுக் குழந்தைகள் எங்கே? ஐப்பசி பொய்த்தது, கார்த்திகை கைவிட்டது, கம்பு கருகியது, கண்மாய் வெடித்தது. சட்டி பானையைக் கட்டிக்கொண்டு பெற்றவர்கள் செங்கல் சூளைக்குப் போனார்கள். பிள்ளைகளும் பின்னாலேயே போனார்கள். பாதிப் பேரைப் பறிகொடுத்த பள்ளிக்கூடத்தில் மீதிப் பேர் தேறியதற்குப் பெயர் சாதனையா? எனக்கு அது வயிற்றெரிச்சல்.

வராத பிள்ளைகளின் பெயர்களை நீக்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. அதோ, துணை ஆய்வாளர் ஐயாவுக்கு முன்னால் மேஜை மேல் இருக்கிறது. நீக்கிவிட்டால் மிஞ்சுகிற தலைகளுக்கு ஒரு பள்ளி எதற்கு? ஓடைக்கு அந்தப்பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்கள். இன்று மாலையே ஐயா கையெழுத்துப் போடுவாராம்.

வெளியூர்க்காரரான ஐயாவுக்காக நம் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். கோடையில் எங்களுக்குக் கண்மாய்க்குள் தோண்டிய ஊற்றுதான் தண்ணீர். ஒரு குடம் ஊற ஒரு பொழுது ஆகும். அவ்வளவு நேரம் யார் நிற்பது? அவரவர் முறைக்கு ஒரு கல்லை வரிசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போவார்கள். அதுதான் முறைக்கல். அடுத்தவர் கல்லை யாரும் தொட மாட்டார்கள். தொட்டு எடுத்துவிட்டால், எடுத்தவரே அந்தக் குடத்தை நிரப்பி வீட்டில் கொண்டுபோய் இறக்க வேண்டும். பெரிய மனிதர், சின்ன மனிதர் என்ற பேதம் இதில் கிடையாது.

சூளைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் ஊற்றில் இருந்து ஆளுக்கொரு கல்லைக் கொண்டுவந்து, வகுப்பில் தாங்கள் உட்காரும் இடத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். நான் எடுக்கவில்லை. தினமும் காலையில் பெயர் கூப்பிடுவேன். கல் இருக்கும் இடத்தில் பதில் வராது. அடுத்த பெயருக்குப் போவேன்.

பேய்க்கதை பேசுகிறவள் அல்ல நான். சாமியாடினால் சண்டைக்கு நிற்கும் வீட்டில் வளர்ந்தவள். அதனால் பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறேன். மாசி மாதம் ஒரு காலை. மூன்றாம் வகுப்பில் 'கருத்தம்மாள்' என்று கூப்பிட்டேன். சீனிச்சாமியின் மகள், சூளைக்குப் போனவள். 'உள்ளேன் டீச்சர்' என்று பதில் வந்தது. யார் விளையாடுகிறது என்று அதட்டினேன். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. கல்லுக்குப் பக்கத்தில் இருந்த சண்முகவடிவு எழுந்தாள். கடைத்தெருப் பிள்ளை, பொய் சொல்லத் தெரியாது.

"அவதான் டீச்சர் சொல்லுறா. இங்கிட்டுத்தான் இருக்கா."

குனிந்து கல்லைத் தூக்காமல் தடவிப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. ஊற்றே வற்றிப்போன மாதத்தில், ஓட்டை விழாத கூரைக்குக் கீழே, சொட்டச் சொட்ட ஈரம். அன்று முதல் தினமும் அந்த ஒரு கல் மட்டும் பதில் சொல்கிறது. எனக்குப் பயமாக இருந்தது. இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை கருத்தம்மாளின் தாய் சோலையம்மாள் ஊர் திரும்பினாள். நேரே வகுப்பறைக்கு வந்தாள், கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிள்ளைக்கு மாசியில் காய்ச்சல் கண்டதாம். சூளைக்குப் பக்கத்திலேயே மண்ணுக்குக் கொடுத்துவிட்டார்களாம். பிறகு கேட்டாள்.

"எம்புள்ள பேரைக் கூப்புடுறீகளா டீச்சர்?"

கூப்பிடுகிறேன் என்றேன்.

"கூப்புடுங்க. அவ எங்களுக்கு முந்தியே வந்துட்டா."

பின்னால் யாரோ 'சுருக்கமா முடிங்க' என்கிறார். முடிக்கிறேன். அதற்கு முன் ஒன்றை யோசித்துப் பாருங்கள். மற்றக் கற்கள் இன்னும் பேசவில்லை. ஏன் பேசவில்லை? அந்தப் பிள்ளைகள் எங்கோ ஒரு சூளையில் மண் பிசைந்துகொண்டாவது உயிரோடு இருக்கிறார்கள். தினமும் காலையில் நான் பெயர் கூப்பிடுகிறேன், பதில் வந்துவிடக் கூடாதே என்றுதான் கூப்பிடுகிறேன். பதில் வராத ஒவ்வொரு பெயரும் எனக்கு ஒரு நல்ல சேதி. தபால் போகாத இடத்தில் இருந்து வருகிற ஒரே சேதி. அந்தப் பெயர்களை நீக்கிவிட்டால் நான் யாரைக் கூப்பிடுவேன்? யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று எப்படி அறிவேன்?

துணை ஆய்வாளர் ஐயா, மேடைக்கு வரும் வழியில் வகுப்பறைக்குள் எட்டிப் பார்த்தீர்கள். காற்றில் உத்தரவுத் தாள் பறந்தது. கைக்கு எட்டிய ஒரு கல்லை எடுத்துவந்து அதன் மேல் வைத்தீர்கள். அது யார் கல் என்று தெரியுமா? கருத்தம்மாளின் கல். தூக்கிப் பாருங்கள். தாள் நனைந்திருக்கிறதா? மை கரைந்திருக்கிறதா? யாரும் தண்ணீர் ஊற்றவில்லை ஐயா. ஊற்றுவதற்கு இந்த ஊரில் தண்ணீர் ஏது?

தாய்மார்களே, எழுந்திருக்க வேண்டாம். உட்காருங்கள்.

கல்லை எடுத்தவர் குடத்தை நிரப்ப வேண்டும். இது எங்கள் சட்டம். கருத்தம்மாள் பெயரை நீக்குங்கள், நான் தடுக்கவில்லை. அதற்கு முன் அவள் வகுப்புக்கு இன்று ஒரு முறை நீங்கள் பெயர் கூப்பிட வேண்டும். நீங்கள் நிரப்ப வேண்டிய குடம் அதுதான். இந்தாருங்கள் மைக். வகுப்பறை உங்கள் முதுகுக்குப் பின்னால்தான். திரும்ப வேண்டாம், கூப்பிட்டால் போதும்.

கூப்பிட்டுவிட்டார். பதிலைக் கேட்டீர்களா? அண்ணாச்சிக்குக் கேட்டிருக்கிறது, முகத்தில் தெரிகிறது. சோலையம்மா, அழு தாயே, இன்றைக்காவது அழுதுவிடு.

அடுத்த பெயர் அருஞ்சுனை. கூப்பிடுங்கள் ஐயா. உரக்கக் கூப்பிடுங்கள்.

பதில் இல்லை. இன்னொரு முறை கூப்பிடுங்கள்.

இல்லை. பிள்ளையைத் தகப்பனோடு சூளைக்கு அனுப்பிவிட்டு இங்கே இருக்கும் அருஞ்சுனையைப் பெற்றவளே, மூச்சு விடு. உன் பிள்ளை இருக்கிறது.

இருக்கிற பிள்ளையின் பெயரை எப்படி ஐயா நீக்குவீர்கள்? பேனாவை மூடிவிட்டீர்கள். மூடிய கைக்கு நன்றி. கேட்ட செவிகளுக்கு நன்றி. வந்திருக்கும் என் பிள்ளைகளே, உங்களுக்கு வணக்கம். வந்துவிட்ட கருத்தம்மாளே, உனக்கும் வணக்கம். இன்னும் வராத என் கண்களே, அவசரப்பட்டு இப்படி வந்துவிடாதீர்கள். நடந்து வாருங்கள். உங்கள் கல் இருக்கும் இடத்திலேயே இருக்கும்.