நார்மல்னு வந்த ரிப்போர்ட்

...சிரிக்கிறாருங்க அந்த டாக்டரு! முந்தாநாள் முட்டி ஆபரேஷன் முடிஞ்சு வெளிய வர்றாரு. பொண்டாட்டி நான் ஒருத்தி உசுரைக் கையில புடிச்சுக்கிட்டு நிக்கறேன். என்னைப் பாத்து, "அம்மா, என் சர்வீஸ்ல இப்பதான் இத நேர்ல பாக்கறேன்"னு பல்லெல்லாம் தெரிய சிரிக்கிறாரு. ஏதோ எங்க வீட்டுக்காரரு முட்டிக்குள்ள புதையல் கெடச்ச மாதிரி! உக்காருங்க, உக்காருங்க... உங்க ஆளு எக்ஸ்ரே முடிஞ்சு வர நேரமாகும்.

என்னன்னா, மூட்டுக்குள்ள குருத்தெலும்பு வெள்ளையா இருக்கணுமாம். இவருக்குக் கரி. கன்னங்கரேல்னு அடுப்புக்கரி! போட்டோ வேற எடுத்துக்கிட்டாங்க. கல்யாணத்தன்னிக்கு ஒரு போட்டோவுக்கு ஒழுங்கா நிக்காத மனுஷன், முட்டிக்கு எத்தனை போட்டோங்கறீங்க! அதுக்கப்புறம் படிக்கிற பிள்ளைங்க கூட்டம் கூட்டமா வருது. ஒருத்தி காதைப் புடிச்சுத் திருப்பறா, ஒருத்தன் கண்ணை விரிச்சு வெள்ளை முழியில இருக்கற பழுப்புப் புள்ளியப் பாக்கறான். நான் இருபத்தஞ்சு வருஷமா பாக்கற புள்ளிதான். மச்சம்னு நெனச்சேன். துணிக்கடையில பில் போடறவளுக்கு என்னங்க தெரியும்?

பேரு... அல்கா... அல்காப்டோ... வாயிலயே நுழையல. பொறக்கும்போதே வர்றதாம். சாப்பாட்டுல ஏதோ ஒண்ணு சரியாக் கரையாம ஒடம்புல தங்கி, மூட்டு மூட்டாப் போயி படிஞ்சு அரிச்சிடுமாம். ரெண்டு மூணு லட்சத்துல ஒருத்தருக்கு. அம்மாகிட்டருந்து பாதி, அப்பாகிட்டருந்து பாதி, ரெண்டும் சேந்தாதான் வருமாம். என் மாமனாரும் மாமியாரும் வேற எதுலயும் ஒத்துப்போனதில்லீங்க. இதுல மட்டும் அப்படி ஒரு ஒத்துமை!

வேலையாவது சும்மா உக்கார்ற வேலையா? லிஃப்ட் மெக்கானிக். ஊரையே மேல ஏத்தி எறக்கிவிட்டவரு. நாங்க இருக்கறது மூணாவது மாடி, லிஃப்ட் கெடையாது. "முதுகு வலிக்குது, கீழ்வீடு பாப்போமா"ன்னு கெஞ்சுவாரு. நான் விட்டாதானே! "எல்லாம் சோம்பேறித்தனம்"னு கேஸ் சிலிண்டரைத் தூக்க வெச்சேன். ஒவ்வொரு மாடியிலயும் நின்னு மூச்சு வாங்குவாரு. நான் மேலேர்ந்து கைதட்டுவேன்... கிண்டலுக்குத்தாங்க! அப்படிப் பாக்காதீங்க. ரிப்போர்ட் நார்மல்னு வந்துச்சே! எந்தப் பொண்டாட்டிதான் நம்ப மாட்டா?

ஆமாங்க, ஒம்பது வருஷத்துக்கு முன்னாடியே டெஸ்ட் எடுத்தாச்சு. இவரு காது ஓரம் நீலமா இருக்கறதப் பாத்துட்டு ஒரு டாக்டர் சந்தேகப்பட்டாரு. "காலையில மொத யூரின் புடிச்சு லேப்ல குடுங்க"ன்னாரு. இவரு வேலைக்குப் போயிட்டாரு, நான்தான் பாட்டிலக் கொண்டுபோனேன். நார்மல்னு வந்துச்சு. இப்ப என் கொழுந்தனாரு குதிக்கிறாரு. "அந்த லேப்காரப் பொண்ணு ஒழுங்காப் பாக்கல அண்ணி, வேலையவிட்டுத் தூக்காம விடமாட்டேன்"னு கம்ப்ளைண்ட் எழுதறாரு. நான் கையெழுத்துப் போடணுமாம். அந்தப் பொண்ணு இன்னும் அங்கதான் இருக்கா. ரெண்டு புள்ளைங்களாம்.

அவ... அவ ஒழுங்காத்தாங்க பாத்தா.

யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அன்னிக்குக் கடையில நல்ல கூட்டம். பாட்டில் மத்தியானம் வரைக்கும் என் பைக்குள்ளயே கெடந்துச்சு. எடுத்துப் பாத்தா... கறுப்பு! டிகாஷன் மாதிரி. இதக் குடுத்தா என்ன நெனப்பாங்க? கழுவாத பாட்டில்ல புடிச்சிருக்கா, சுத்தம் தெரியாதவன்னு சொல்ல மாட்டாங்க? மானம் போயிடுமேன்னு, லேப் பாத்ரூம்லயே அதக் கொட்டிட்டு, வேற பாட்டில் வாங்கி... என்னுதப் புடிச்சுக் குடுத்துட்டேன்.

நார்மல்தான். எனக்கென்ன கேடு!

வெச்சிருந்தா கறுக்கறதுதான் இந்த வியாதிக்கு அடையாளமாம். நேத்துதான் டாக்டர் சொன்னாரு. அப்பவே தெரிஞ்சாலும் குணமாகியிருக்காதாம்... ஆனா பாரம் தூக்காம, வேலைய மாத்திக்கிட்டு, மூட்டுங்கள இன்னும் கொஞ்ச காலம் காப்பாத்தியிருக்கலாமாம். ஒம்பது வருஷம், மாசம் ஒரு சிலிண்டர்... நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

ஏங்க, எங்க எந்திரிக்கறீங்க? உங்க ஆளு வந்துட்டாரா? யாரையும் காணோமே... சரி, போங்க. எனக்கே என் பக்கத்துல உக்காரப் புடிக்கல.

வாங்க தம்பி. கம்ப்ளைண்ட் எழுதியாச்சா? ரெண்டு பக்கமா! குடுங்க... இல்ல, பேனா வேணாம். உங்க அண்ணன் முழிச்சிருக்காரா? நீங்களும் உள்ள வாங்க, அவர்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்க இருக்கும்போதே சொல்லிடறேன், இல்லேன்னா சொல்ல மாட்டேன். அப்புறம், கூடப் பொறந்தவங்களும் டெஸ்ட் எடுக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நாளைக்கே போங்க... பாட்டில மட்டும் என் கையில குடுத்துடாதீங்க.