பாப்பாவுக்கு ஐஸ் போதவில்லை

"நேத்து நல்லாத்தான இருந்தா பாப்பா? இன்னிக்குப் பாதி செத்துக் கிடக்கா. யாரு என்ன பண்ணீங்க?"

ஆய்வுக்கூடம் அதிரக் கத்திய ஆராய்ச்சி மாணவி பிள்ளை பெற்றவள் அல்ல. பாப்பா என்பது சுண்டுவிரல் அளவு குழாயில் சில சொட்டு. ஒரு கிருமியின் என்சைம். அதன் வேலையை நிறுத்திவிட்டால் கிருமி தன் சுவரைக் கட்ட முடியாமல் சாகும். நிறுத்தும் பொருள் கிடைத்தால் புது மருந்துக்கு வழி. மூன்று வருடமாக அவள் தேடியது அதைத்தான்.

"அம்மா தாயே, உன் கைதான் சரியில்ல" என்றார் துறைத்தலைவர்.

"ஐஸ் அண்ணன கேளுங்க சார். எவ்வளவு பத்திரமா வெக்கிறேன்னு அவருக்குத் தெரியும்."

ஐஸ் அண்ணன் நான்தான். பத்தொன்பது வருடமாக உறைபெட்டிகளுக்குக் காவல். "புள்ளைக்குத் தூக்கம் பத்தல சார்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

நீங்கள் கேட்பதால் சொல்கிறேன். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. வந்த முதல் வாரமே என் பெட்டிமேல் ‘கதவைச் சரியாக மூடவும்’ என்று சீட்டு ஒட்டினாள். எனக்கே பாடம். அதைக்கூட நான் பெரிதுபடுத்தவில்லை.

காலையில் அவள் வருமுன் குழாயை ஐஸிலிருந்து எடுத்து ஜன்னலோர வெயிலில் இருபது நிமிடம் வைப்பேன். அவ்வளவுதான். முழுதாகச் செத்தால் சந்தேகம் வரும். பாதி உயிர் போதும். பால் என்றால் திரிந்து காட்டிக்கொடுக்கும். இது கெட்டாலும் பார்க்கத் தண்ணீர்தான். சோதனையில் இன்று வந்த எண் நாளை வராது. எண் ஆடினால் ஆளைத்தான் சந்தேகிப்பார்கள். படித்தவர்கள் அல்லவா.

ஒரு விடுமுறை நாளில், கெடாத குழாய் ஒன்றை எடுத்து, அவள் சோதித்துவந்த பொருள்களில் பதினேழாவதைப் போட்டு, பார்த்துப் பழகிய கையால் நானே சோதித்தேன். என்சைமின் வேலை அடியோடு நின்றது. மூன்று முறையும். எந்த மருந்துக்கும் மசியாமல் பச்சிளங்குழந்தைகள் வார்டுகளைக் காலிசெய்துகொண்டிருக்கும் கிருமி அது. எண்களைக் குறித்த தாளைக் கிழித்துப்போட்டேன்.

எண்களைப் புனைந்தாள் என்று எழுதி அவளை அனுப்பினார்கள். வாசலில் நின்று கேட்டாள்: "அண்ணே, நீங்களாவது என்ன நம்புறீங்கல்ல?"

"நம்புறேம்மா."

அதில் பொய்யே இல்லை.

அவள் மேசையைக் காலிசெய்யச் சொன்னார்கள். பதினேழாம் புட்டியையும் குறிப்பேட்டையும் கழிவோடு எரிக்கக் கொடுத்தேன். மேசையைத் துடைத்தும் வைத்தேன்.

தலைவர் ஓய்வுபெற்று மகனோடு போய்விட்டார். அவளை ஓடுகள் விற்கும் கடைக்காரர் ஒருவர் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குக் கூட்டிப்போனார், நல்ல மனிதராம். அந்தச் சொட்டோடு இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் அவளை யார் கட்டியிருப்பார்கள்? அந்தப் புண்ணியம் என்னுடையது என்று நான் வெளியே சொல்லிக்கொள்வதில்லை.