மூணு விரக்கடை ஓட்டை

— இதென்ன செல்வி, தட்டத் தாண்டி மண்ணு பூராத் தீவனம் சிந்திக் கெடக்குது. தீவன வாளிக்கு எத்தன விரக்கடையில ஓட்டை போட்ட?

— மூணுங்க. நீங்க சொன்ன அளவுதான். உள்ளுக்குள்ள நூல் சுத்தற கோனைக் கூடக் கவுத்து வெச்சனுங்க, தீவனம் நடுவுல தங்காம நாலு பக்கமும் எறங்கட்டும்னு.

— கோனு நல்ல ரோசனை. பனியன் கம்பெனியில இருந்து தூக்கிட்டு வந்தயாக்கு?

— வேஸ்ட்டுல கெடந்ததுங்க. நீங்க செத்துப்போயும் என்னயத் திருடியாக்கோணுமா?

— சும்மா சொன்னேன். குஞ்சு எத்தன நிக்குது?

— அறுவது எறக்குனமுங்க. அம்பத்தேழு நிக்குது. அதுக வந்த மறுநாளு நீங்க போனீங்க. இன்னிக்கு இருவது நாளுக் கோழி.

— நெஞ்சு வலி சொல்லிட்டா வருது?

— நான் ஷிப்ட்டுல இருந்தனுங்க.

— அத உடு. ஷெட்டுக்குக் காத்து வருதா?

— வேப்பம்பூவாக் கொட்டுதுங்க. மத்தியானம் சாக்குமேல சாஞ்சு கண்ணசந்தாப் போதும், நீங்க வந்து பக்கத்துல உக்காந்துக்கறீங்க. சட்டையில அதே தவிட்டு வாசம்.

— வாளியத் தொங்க உட்டயே, என்ன கவுறு?

— பனியன் துணியத் திரிச்சுக் கட்டியிருக்கறனுங்க. கோழி முதுகு மட்டத்துக்கு. அதுக வளர வளர மேல ஏத்திக் கட்டறேன்.

— கெட்டிக்காரி. என்ற மச்சான், உங்கண்ணன், என்ன சொல்றான்?

— கோழிய வித்துத் தள்ளிட்டு, ஷெட்டப் பூட்டிட்டு, மறுக்கா வேலம்பாளையம் கம்பெனிக்கே ராத்திரி ஷிப்ட்டுக்குப் போங்குது. நீங்க ஆசைப்பட்டுக் கட்டுன ஷெட்டுங்க. இந்தத் தடவ மட்டும் கோழி ரெண்டு கிலோ நின்னுட்டா நான் எங்கயும் போக மாட்டேன். தீவனம் இப்படி மண்ணுல போனா எங்க எடை நிக்கறது?

— அப்ப அடுத்த வாளிக்கு நாலு விரக்கடை போட்டுப் பாரு.

— நாலா? மொத வாளிக்கு ஒண்ணுன்னீங்க, அடச்சுக்கிச்சு. இதுக்கு மூணுன்னீங்க, கொட்டுது. இப்ப நாலுங்கறீங்க.

— உன்ற அளவுல கோளாறு இருக்கும்.

— பதினோரு வருசமாச் செக்கிங் டேபிள்ல நின்னவகிட்டயா? அரை இன்ச் ஏறுன பீஸக்கூட நான் உட்டதில்லீங்க. ரெண்டு விரக்கடைதான சரி?

— இந்தப் பொட்டக்கோழி மத்தத விட வெடுக்குனு நிக்குது பாரு.

— பேச்ச மாத்தாதீங்க.

— ரெண்டுதான்.

— தெரிஞ்சேவா தப்புத் தப்பாச் சொன்னீங்க?

— வாளி சரியாயிருச்சுன்னா அப்புறம் எதுக்கு என்னயக் கூப்புடுவ, செல்வி?

— ரெண்டு விரக்கடையில ஒரு வாளி நேத்தே போட்டு வெச்சுட்டனுங்க. தொங்க உடத்தான் மனசு வரலை.