அடுப்பு பத்த வைக்கும் முன்னே

பூங்கொடி: ...வண்டி அச்சு முறிஞ்சுது. அப்பறம்? சொல்லு கண்ணு.

தமிழ்ப்ரியா: இருங்கக்கா. கட்டிட்டு வந்து மூணு மாசங்கூட ஆகல. அதுக்குள்ள குலசாமி கோயில்ல இத்தனை சனத்துக்கு முன்னாடி கதை சொல்லுன்னா...

பூங்கொடி: நம்மூட்டுக் கதைய மருமகதான் சொல்லோணும். காலங்காலமா அப்பிடித்தான். பன்னண்டு வருசம் மூத்த மருமக நாஞ் சொன்னேன், இனி உன்ற பாடு. சொல்லு.

தமிழ்ப்ரியா: சாமி மண்ணை மடியில கட்டிட்டு நம்ம பெரியவரு வாளையாறு தாண்டி வந்தாருங்க. ஆத்தங்கரையில அச்சு முறிஞ்சுது. பொம்பளைக சோந்து உக்காந்துட்டாங்க. அப்ப ஒருத்தி மேல ஆத்தா அருள் வந்து, "இன்னைக்கு ஆம்பளைகதான் பொங்கல் வெக்கோணும், பாத்திரமும் அவங்களே கழுவோணும்"னு...

பூங்கொடி: ஆங்! அந்த எடத்தைச் சத்தமாச் சொல்லோணும்.

தமிழ்ப்ரியா: அக்கா... பாத்திரம் கழுவறதைக்கூடவா ஆத்தா சொன்னா? ஏனுங்கக்கா மூஞ்சிய அக்கட்டால திருப்பறீங்க?

பூங்கொடி: உங்கிட்ட மறைச்சு என்ன... அது ஆத்தா சொல்லல. நாஞ் சொன்னேன்.

தமிழ்ப்ரியா: அய்யய்யோ!

பூங்கொடி: மெல்ல! ஆம்பளைக அங்கதான் அடுப்புக்கல்லு அடுக்கீட்டு இருக்கறாங்க. கட்டிட்டு வந்து என்ற மொத கோயில் நோம்பி அது. வயித்துல ஏழு மாசம். பொகை பட்டாலே வாந்தி. கதை சொல்லச் சொல்ல வாயில தானா வந்துருச்சு.

தமிழ்ப்ரியா: ஒருத்தரும் கேக்கலீங்களா?

பூங்கொடி: நம்ம மாமனாரோட அண்ணன், பெரிய மாமா, "ஆமா, சின்னப் பையனா இருக்கறப்பக் கேட்டிருக்கறேன்"னு தலையாட்டுனாரு! இப்ப அவரு வெக்கற பொங்கல் மாதிரி கோயமுத்தூர் ஓட்டல்லயே கெடைக்காதாமா.

தமிழ்ப்ரியா: சாமி முன்னாடி நானும் பொய் சொல்லோணுமாக்கும்?

பூங்கொடி: அப்ப நெசத்தைச் சொல்லு. இருநூறு பேத்துக்குப் பொங்கல் வெக்கலாம் வா.

தமிழ்ப்ரியா: சரி, சத்தமாவே சொல்றேனுங்க. ஆனா அக்கா, நம்ம மாட்டிக்கிட்டோம்.

பூங்கொடி: ஏன்?

தமிழ்ப்ரியா: மச்சுல பழைய கேசட் ஒண்ணு கெடச்சுதாமாங்க. எங்கூட்டுக்காரரோட தாத்தா இதே கதையச் சொல்ல, எம்பத்தி நாலுல புடிச்சது. இவரு கூட்டாளி ஜிதின்கிட்ட டேப்ரிக்கார்டர் எரவல் வாங்கீட்டு வந்திருக்கறாரு. பொங்கல் வெக்கறதுக்கு முன்னாடி எல்லாத்துக்கும் போட்டுக் காட்டறாராம்.

பூங்கொடி: போச்சு! அதுல இந்த எடம் இருக்காதே! இன்னைக்கே கரண்டி நம்ம கைக்கு வந்துரும்...

தமிழ்ப்ரியா: மருமகதான சொல்லோணும்? தாத்தா எதுக்குங்க சொன்னாரு?

பூங்கொடி: இப்ப அதா முக்கியம்? அய்யோ, அத்தை வர்றாங்க. சிரி, சிரி...

மருதாத்தாள்: மாமியாளைக் கண்டதும் எதுக்குடி பல்லைக் காட்டறீங்க?

பூங்கொடி: ஒண்ணுமில்லீங்கத்தை.

மருதாத்தாள்: அடுப்பு சமாச்சாரந்தான? பன்னண்டு வருசமாத் தெரியும். மருமகதான் சொல்லோணும்னு உனக்குக் கதை சொல்லிக் குடுத்ததே நானு. நாஞ் சொன்னதுல அந்த அடுப்பு எங்கிருந்துது?

பூங்கொடி: அப்பறம் ஏனுங்கத்தை பேசாம இருந்தீங்க?

மருதாத்தாள்: எனக்கும் இடுப்பு வலி, கண்ணு.

தமிழ்ப்ரியா: ஆனா அந்தக் கேசட்...

மருதாத்தாள்: உன்ற புருசன் பூபதி அரை மணி நேரமாத் தேடறான்.

தமிழ்ப்ரியா: காணமுங்களா? எங்கீங்க போச்சு?

மருதாத்தாள்: என்ற மடியில.

பூங்கொடி: எங்களுக்காகவாங்கத்தை! எனக்கு அழுகையே வருதுங்க. உங்களைப் பாத்துப் போயி இத்தனை வருசம் பயந்துட்டனே...

மருதாத்தாள்: உங்களுக்காகன்னு எவடி சொன்னா? அதைப் புடிக்கறப்ப நானும் ஓரத்துல நின்னேன். எடுத்த எடுப்புலயே எங்க மாமனாரு சொல்றாரு, "இந்தக் கதைய ஆம்பளைகதான் சொல்லோணும். மருமக வாயத் தொறக்கப்படாது."