இடப்பக்கம் உட்காருகிறவன்

இரவு பதினொன்று இருக்கும். பெல்லாமி பண்ணைக்குப் போகும் செம்மண் தடம்... விளக்கு கிடையாது, வீடு கிடையாது, குரைக்க ஒரு நாய்கூடக் கிடையாது. அதில் தன்னந்தனியாகப் பிக்கப் வண்டியில் வந்துகொண்டிருந்தார் கத்பர்ட் பெல்லாமி, பண்ணை முதலாளி. நாம் குளிர்காய்கிற இந்த நெருப்புக்கு அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே மெர்வின், அவனுக்குத் தாய்மாமன். மெர்வின் இதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை. யாராக இருந்தாலும் சொல்லமாட்டார்கள்.

பெல்லாமியின் தாத்தா இரவல் குதிரையில் வந்து இறங்கியவர். ஆதியிலிருந்து அங்கே இருந்தவர்களின் நீர்க்குட்டையைச் சுற்றி வேலி போட்டார். போட்டுவிட்டு, குட்டையைத் தாமே கண்டுபிடித்ததாகப் பலகை வைத்தார். பக்கத்து மேட்டுக்குப் பெல்லாமி மலை என்று பெயர். அதன்மேல் ஓர் ஆடு ஏறி நின்றால் ஆட்டின் முதுகுதான் சிகரம். அப்பா அதற்குமேல் வேலியை நீட்டினார். பேரன் நீட்டியது தொப்பையை மட்டும்.

பெரிய சாலையிலிருந்து வீட்டுக்கு ஐந்து கேட். இடப்பக்கம் உட்காருகிறவன் இறங்கித் திறக்க வேண்டும், வண்டி போனதும் மூடிவிட்டு ஏற வேண்டும். பெல்லாமிக்கு அந்த வேலை பார்த்தவன் ஆல்ஃபி. குள்ளன். வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் சங்கிலியை இரண்டு சுற்றுச் சுற்றிக் கொக்கியை உள்பக்கமாக மாட்டினான் என்றால், எந்தக் கடாவும் முட்டித் திறக்க முடியாது.

ஆல்ஃபி கேட்டை மூடிவிட்டு வந்து கதவில் கை வைப்பான். பெல்லாமி வண்டியைப் பத்தடி நகர்த்துவார். ஓடி வருவான். மறுபடி பத்தடி. பாம்... பாம்... என்று ஹார்ன்.

"என்னடா கிழவா, நொண்டி ஆடுகூட உன்னவிட வேகமா வரும்போல!"

பெல்லாமியிடம் இருந்தது இந்த ஒரே நகைச்சுவைதான். வருடக்கணக்காக அதையே வைத்து ஓட்டினார்.

ஜனவரி மாதம், இந்தப் பக்கம் அதுதான் நடுக்கோடை. உச்சிவெயில், கடைசி கேட். அங்கிருந்து வீட்டுக்குப் பதினெட்டு மைல். நிழல் என்று பார்த்தால் வேலிக்கம்பியின் நிழல்தான். கித்தான் தண்ணீர்ப் பை வண்டியின் முன்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

"பாஸ், இன்னிக்கி வேணாம் பாஸ். நாக்கு ஒட்டிக்கிச்சு."

நகர்த்தினார். நிறுத்தினார். நகர்த்தினார். அப்புறம் சலித்துப்போய், நிறுத்தாமலே வீட்டுக்குப் போய், ஆட்டுக்கறி சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டார். மறுநாள் போய்ப் பார்த்தால், ஆல்ஃபி கேட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கண் திறந்திருந்தது. கேட் மூடியிருந்தது.

டவுனில் விசாரணை நடந்தது. வெயில்தான் கொன்றது என்று எழுதி முடித்தார்கள். வெயில் எதிர்த்துப் பேசவில்லை. பெல்லாமி அந்தச் சந்தோஷத்தில் பொழுது சாயும்வரை குடித்தார். மதுக்கடை நோரீன் கிளாஸைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

"கேட் தொறக்கதான் ஆள் இல்லையே, எப்படிப் போவீங்க?"

"என் கேட்டும்மா அது. என்னப் பாத்தா தானாத் தொறக்கும்."

அன்று இரவு, பதினொன்று. முதல் கேட்... தானாகத் திறந்தது.

வண்டியின் வெளிச்சத்தில் யாரும் இல்லை. பெல்லாமி நிறுத்தாமல் உள்ளே போனார். கால் மட்டும் தன்னையறியாமல் பிரேக்கை மிதித்தது. பின்னால் க்ரீச்... டம். சங்கிலிச் சத்தம். ஒரு சுற்று... இரண்டு சுற்று... ணங். பிறகு இடப்பக்கக் கதவு திறந்தது. இருக்கையின் ஸ்பிரிங் அமுங்கியது. கதவு சாத்திக்கொண்டது. ஆட்டு ரோமத்துப் பிசுக்கு நாற்றம், மட்டப் புகையிலை நாற்றம்.

பெல்லாமி அந்தப் பக்கம் திரும்பவில்லை. கழுத்து வரவில்லை.

இரண்டாவது கேட்டிலும் அப்படியே. மூன்றாவதில் கொஞ்சம் பழகிவிட்டது. கூலி கேட்காமல் வேலை நடந்தால் பெல்லாமி வம்சத்துக்கு எதுவும் பழகிவிடும். நாலாவதில், "சீக்கிரம் வாடா" என்றுகூடச் சொன்னார்.

சொன்னதோடு விட்டிருக்கலாம். கை சும்மா இருக்குமா? இடப்பக்கக் கதவு லேசாக அசைந்தது... வண்டியைப் பத்தடி நகர்த்தினார். பாம்... பாம்...

கதவு அசைவது நின்றுவிட்டது. யாரும் ஏறவில்லை. புகையிலை நாற்றமும் இல்லை.

பெல்லாமி ஆக்சிலேட்டரை மிதித்த மிதியில் வண்டி பறந்தது. கடைசி கேட். மூடியிருந்தது. காத்திருந்தார். ஹார்ன் அடித்தார். திறக்கவில்லை. வேறு வழி? இறங்கினார். சங்கிலியைப் பிரிப்பதற்குள் நகம் பெயர்ந்துவிட்டது. கேட்டைத் தள்ளித் திறந்து திரும்பினால்... வண்டி வந்துகொண்டிருந்தது. மெதுவாக, அவரை உரசினாற்போல் தாண்டிப் போய் நின்றது.

ஓடினார். கதவில் கை வைத்தார்.

பத்தடி நகர்ந்தது.

தண்ணீர்ப் பை சொட்டும் சத்தம் கேட்டது. சொட்... சொட்... ஓடினார். பத்தடி. பின்விளக்கு சிவப்பாக அவருக்காகக் காத்திருந்தது. ஓடினார். பத்தடி.

பாம்... பாம்...

மறுநாள் உச்சிவெயிலில் தபால் வண்டிக்காரன்தான் அவரைக் கண்டான். கடைசி கேட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இத்தனையும் அவனிடம் சொன்னார். தண்ணீர் கொடுத்தும் உள்ளே இறங்கவில்லை, பொழுது சாயும்போது போய்விட்டார். கதை விட்டிருப்பார் என்கிறீர்களா? பொய் சொல்லவும் தெம்பு வேண்டும். மண்ணில் வண்டித் தடம் இருந்தது, நின்று நின்று, பத்தடி பத்தடியாக, மைல் கணக்கில். பக்கத்திலேயே பூட்ஸ் தடம். பிறகு பூட்ஸ் மட்டும் தனியாகக் கேட்டுக்குத் திரும்பியிருந்தது. திறந்துபோட்டுவிட்டுத்தான் ஓடினேன் என்று அவர் சத்தியம் செய்த கேட், மூடியிருந்தது. சங்கிலி இரண்டு சுற்று. கொக்கி உள்பக்கம்.

வண்டி பண்ணை வீட்டு வாசலில் நின்றது. முன்பக்கம் அங்கிருந்த மரத்தில் லேசாக இடித்திருந்தது, பிரேக் எது என்று தெரியாதவன் ஓட்டிவந்ததுபோல. தண்ணீர்ப் பை காலி. ஒரு சொட்டு இல்லை.

டிரைவர் இருக்கையைப் பெல்லாமி எப்போதும் பின்னுக்குத் தள்ளித்தான் வைத்திருப்பார், தொப்பைக்கு இடம் வேண்டுமே. அது ஸ்டியரிங்கோடு ஒட்ட முன்னால் இழுத்து விடப்பட்டிருந்தது... குட்டைக் கால் எட்டுகிற அளவுக்கு.