எழுந்து போக ஒரு டோக்கன்

இந்த அவைக்குத் தலைமை ஏற்று, எனக்கு இடப்பக்கம் மேசைமணியில் விரலை வைத்தபடி வீற்றிருக்கும் இந்தத் தையற்கூடத்தின் முதலாளி ஐயா அவர்களே! அவருக்கு அடுத்து அமர்ந்து, இந்த அம்மா என்ன சொல்லிவைக்கப் போகிறாளோ என்று முகம் வெளிறியிருக்கும் தொழிலாளர் நலச்சங்கச் செயலாளர் அவர்களே! முன்வரிசையை அலங்கரிக்கும் மூத்தோர்களே! துணிக்கு வடிவம் கொடுக்கும் கட்டிங் மாஸ்டர்களே! காலர் தைப்பவர்களே, கை தைப்பவர்களே, காஜா எடுப்பவர்களே, பொத்தான் வைப்பவர்களே! ஊரார் உடம்புக்கெல்லாம் உடுப்புத் தைத்துக் கொடுத்துவிட்டு, தங்கள் உடம்பின் கிழிசலை மட்டும் ஒருவர் கண்ணிலும் படாமல் ஒளித்து வைத்திருக்கும் என் தாய்மார்களே, தங்கைமார்களே! அத்தனை பேருக்கும் என் வணக்கம்.

வணக்கம் சொல்லியாயிற்று. இனி நான் கொஞ்சம் கோபப்பட்டுக்கொள்கிறேன்.

என்ன தலைப்பில் பேசப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். ‘குடல் அழற்சி நோய்: மூலக்கூறு அளவில் நடப்பது என்ன, அதற்குச் சிகிச்சை என்ன’ என்று எழுதிக் கொடுத்தேன். அழைப்பிதழில் அச்சாகி வந்திருப்பது என்ன? ‘உடல்நலச் சிந்தனைகள்’! குடல் எங்கே போயிற்று? யார் உருவினார்கள் என் குடலை? வாசலில் இறங்கியதுமே செயலாளர் ஓடி வந்து காதோடு சொன்னார்: “டாக்டரம்மா, லேடீஸ் நிறைய வந்திருக்காங்க. மலம், ரத்தம், கக்கூஸ்னெல்லாம் மைக்ல சொல்லிடாதீங்க. கொஞ்சம் நாகரிகமா...”

ஐயா, நான் குடல் டாக்டர். மலத்தைப் பற்றிப் பேசாமல் மல்லிகையைப் பற்றியா பேசுவேன்?

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். சிரிப்போடு சிரிப்பாக ஒன்றைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். மலத்தில் ரத்தம் போனால் மறைக்காதீர்கள். வாரக்கணக்கில் வயிறு போய்க்கொண்டே இருந்தால் மறைக்காதீர்கள். உடம்பு சூடு என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். மூலநோயாகத்தான் இருக்கும் என்று மருந்துக்கடையில் நீங்களே மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர், இப்படி ஊரிலுள்ள எல்லாக் கடையையும் சுற்றி முடித்த பிறகுதான் வருகிறார்கள்!

இன்னொரு கோபமும் இருக்கிறது. நான் மைக்கைப் பிடிக்கும் முன் அறிவிப்பாளர் ஒன்று சொன்னாரே, கவனித்தீர்களா? “டாக்டர் பேசி முடிக்கிற வரைக்கும் யாரும் எழுந்து நடமாடக் கூடாது, கதவுகள் சாத்தப்படும்.” குடல் டாக்டர் பேசும் கூட்டத்தில் இப்படி ஓர் அறிவிப்பு! திறந்து வையுங்கள் என்றேன். செயலாளர் தலையாட்டினார். அதோ பாருங்கள், கதவு சாத்தியே இருக்கிறது. இருக்கட்டும், பிறகு அந்தக் கதவுக்கு வருகிறேன்.

முதலில் குடலுக்கு வருவோம்.

நம் குடலின் உட்சுவர் எத்தனை தடிமன் என்று நினைக்கிறீர்கள்? தோல் போல அடுக்கடுக்காக இருக்கும் என்றா? இல்லை, தாய்மார்களே. ஒரே ஒரு வரிசை செல்கள். லைனிங் கொடுக்காத ஒற்றைத் துணி! செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே புரதத்தால் ஆன நெருக்கமான தையல். அதன் மேல் வழவழப்பான சளிப்படலம். துணிக்கு இந்தப் பக்கம் கோடானு கோடி நுண்ணுயிர்கள், அந்தப் பக்கம் நம் உடம்பைக் காக்கும் வெள்ளணுக்கள். இரண்டும் ஒன்றையொன்று அறிந்து, அனுசரித்து, அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் போல ஆயுள் முழுக்க வாழ்கின்றன.

சிலருக்கு அந்த அனுசரிப்பு குலைந்துபோகிறது. ஏன்? பிறப்போடு வந்த மரபணுக்கள் ஒரு பங்கு, நுண்ணுயிர்களின் கலவை மாறுவது ஒரு பங்கு, சுற்றுப்புறம் ஒரு பங்கு. முழுக் காரணம் இன்னும் எங்களுக்கே பிடிபடவில்லை. சளிப்படலம் மெலிகிறது. தையல் நெகிழ்கிறது. கசியக் கூடாதது உள்ளே கசிகிறது. வெள்ளணுக்கள் கூச்சல் போடுகின்றன. அந்தக் கூச்சலுக்கு மூலக்கூறு உருவம் உண்டு. டி.என்.எஃப். என்று ஒன்று, இன்டர்லூக்கின் இருபத்துமூன்று என்று ஒன்று, இன்னும் ஒரு பட்டாளம். கூச்சல் கேட்டு ரத்தத்தில் போகும் வெள்ளணுக்கள் குடலின் ரத்தக்குழாய்ச் சுவரில் கொக்கி போட்டு இறங்குகின்றன. வந்தவை சும்மா இருக்குமா? அவையும் கூச்சல் போடுகின்றன. மற்றவர்களுக்கு வேலை முடிந்ததும் கூச்சல் அடங்கும். இவர்களுக்கு அடங்குவதில்லை! காக்க வந்த படையே குடலைக் கடித்துக் குதறுகிறது. புண்ணாகிறது, ரத்தம் கசிகிறது, “இப்போதே போக வேண்டும்” என்று அடிவயிறு அதட்டுகிறது.

இது ஒட்டிக்கொள்ளும் நோயா? இல்லை. கண்பட்டதால் வந்ததா? இல்லை. மருமகள் காரம் அள்ளிப் போட்டதால் வந்ததா? இல்லவே இல்லை! யாரது அங்கே “நல்லாச் சொல்லுங்க” என்பது? மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாரா? சொல்லிவிட்டேன் அம்மா, அவர் காதிலும் விழுந்திருக்கும்.

மருந்து இல்லையா? இருக்கிறது! குடலின் உட்சுவரிலேயே அழற்சியைத் தணிக்கும் மாத்திரை இருக்கிறது. தீ பெரிதாகும்போது கொஞ்ச காலத்துக்கு ஸ்டீராய்டு இருக்கிறது. டி.என்.எஃப்.பைத் தேடிப் பிடித்துக் கட்டிப்போடும் ஊசி இருக்கிறது. வெள்ளணு குடலுக்குள் இறங்கப் போடும் கொக்கியை மூடிவிடும் ஊசி இருக்கிறது. செல்லுக்குள் கூச்சல் கடத்தப்படும் கம்பியையே துண்டிக்கும் மாத்திரை வந்திருக்கிறது. முழுவதும் குணமாக்க முடியாவிட்டாலும், பலருக்கு ஆண்டுக்கணக்கில் அடக்கி வைக்க முடிகிறது. எத்தனை அறிஞர்களின் எத்தனை ஆண்டு உழைப்பு! எத்தனை பேரின் கண்கள் நுண்ணோக்கியில் குனிந்து குனிந்து களைத்திருக்கும்!

அத்தனையையும் ஒரு மரத்துண்டு தோற்கடித்தது. அந்தக் கதையைச் சொல்லத்தான் வந்தேன்.

என்னிடம் ஓர் அம்மா வருகிறார். உங்களில் ஒருவர்தான். காஜா எடுப்பவர், காஜாக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவீர்கள். திடுக்கிடாதீர்கள், அவரிடம் கேட்டுக்கொண்டுதான் பேசுகிறேன். “தாராளமாச் சொல்லுங்க டாக்டர். நான் சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க, மைக்ல சொன்னா கேப்பாங்க” என்றார்.

அவருக்குப் பெருங்குடல் முழுக்கப் புண். மாத்திரை கொடுத்தோம், கேட்கவில்லை. ஸ்டீராய்டு கொடுத்தோம், அடங்கியது, நிறுத்தினோம், திரும்பியது. மாத்திரையோடு டி.என்.எஃப்.பைக் கட்டிப்போடும் ஊசியும் சேர்த்தோம், அரைகுறையாகத்தான் கேட்டது. ஆள் நூலாக இளைத்துக்கொண்டே வந்தார். மருத்துவமனையில் கூடிப் பேசினோம். டி.என்.எஃப்.பை விட்டுவிட்டுக் கொக்கியைப் பிடிப்போம் என்றார் ஒருவர். கம்பியைத் துண்டிப்போம் என்றார் இன்னொருவர். எதற்கு இழுத்தடிப்பு, பெருங்குடலையே எடுத்துவிடலாம் என்றார் அறுவை மருத்துவர். எடுத்துவிட்டால் வயிற்றில் ஒரு துளை, துளைக்கு வெளியே ஒரு பை. அது பலரின் உயிரைக் காத்த நல்ல சிகிச்சை. குறை சொல்ல மாட்டேன். ஆனால் காஜாக்கா அழுதார். “பையோட நான் எப்படி டாக்டர் லைன்ல உக்காருவேன்?” என்று அழுதார்.

எனக்கு எரிச்சல் தாளவில்லை. ஏன் கேட்கவில்லை இந்த மருந்து? உட்கார வைத்து விசாரித்தேன்.

“மாத்திரையை ஒழுங்காப் போடுறீங்களா?”

“நீங்க சொன்ன மாதிரியேதான் டாக்டர். சாப்பிட்டப்புறம், நிறையத் தண்ணியோட.”

“சரி, எப்ப சாப்பிடுறீங்க?”

“லீவு நாள்லயா, வேலை நாள்லயா?”

“அது என்னம்மா கேள்வி? வேலை நாள்ல?”

“வேலை நாள்ல ராத்திரிதான் சாப்பிடுவேன் டாக்டர். பகல்ல சாப்பிட்டா போகணும். போகணும்னா டோக்கன் வேணும்.”

“தண்ணி?”

“அதுவும் அதே கதைதான்.”

“அப்ப காலையில, மத்தியானம் போட வேண்டிய மாத்திரை?”

அந்த அம்மா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். “வெறும் வயித்துல போடக் கூடாதுன்னு நீங்கதானே டாக்டர் சொன்னீங்க? அதனாலதான் போடல.”

கேட்டீர்களா! என் சொல்லை இம்மி பிசகாமல் கடைப்பிடித்து, என் மருந்தை முக்கால்வாசி நிறுத்திவிட்டார்! தலையில் அடித்துக்கொள்வதா? காலில் விழுந்து கும்பிடுவதா? “ஏம்மா, பட்டினி கிடந்தா புண்ணு ஆறுமா? குடல் காலியா இருந்தாலும் ரத்தம் கசியும்மா, உடம்புதான் உருகிப் போகும்” என்று கத்தினேன். கூட வந்த வீட்டுக்காரரையும் விடவில்லை. “நீங்க பார்க்கவே இல்லையா?” என்றேன். “சாப்பாட்டு டப்பா காலியாத்தான் வருது டாக்டர்” என்றார் அவர். வருமே! பக்கத்து மெஷின் பெண் இவர் சோற்றையும் சேர்த்துச் சாப்பிட்டுக் கொழுகொழுவென்று இருக்கிறாள். எங்கே அந்தப் பெண்? கையைத் தூக்காதே அம்மா, உன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

என் கோபமெல்லாம் அந்த டோக்கன்மேல். சூப்பர்வைசர் மேசைக்குப் பின்னால் சுவரில் ஓர் ஆணி. ஆணியில் கயிறு கோத்த ஒரு மரத்துண்டு. வரிசையாக உட்கார்ந்து தைக்கும் ஒரு லைன் முழுவதற்கும் ஒன்றே ஒன்று. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் கழிப்பறைக்குப் போக வேண்டும். போனவர் திரும்பி வந்து ஆணியில் மாட்டினால்தான் அடுத்தவர் எழலாம். அடிக்கடி எடுத்தால் சூப்பர்வைசர் நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பார். அந்த ஒரு பார்வைக்குப் பயந்து ஒரு பெண் தன் பெருங்குடலைப் பணயம் வைத்தாள் ஐயா! நாங்கள் எத்தனையோ மூலக்கூறுகளை மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு வாதாடினோம். அந்த மரத்துண்டு மட்டும் எங்கள் மேசைக்கு வரவே இல்லை.

காஜாக்காவை டோக்கன் இல்லாமல் போக விடுங்கள் என்று முதலாளி ஐயாவுக்குச் சொல்லி அனுப்பினேன். பதில் வந்தது. “ஒருத்தருக்கு விட்டுக்குடுத்தா எல்லாரும் கேப்பாங்க டாக்டர்.”

கேட்கட்டுமே! கேட்டால் என்ன? குடல் எல்லோருக்கும் இருக்கிறதே! காலர் தைப்பவளுக்குக் குடல் இல்லையா? கட்டிங் மாஸ்டருக்குக் குடல் இல்லையா? கணக்குப் பார்ப்பவருக்குக் குடல் இல்லையா? ஐயா, தங்களுக்குக் குடல் இல்லையா? தாங்கள் எழுந்து போகும்போது எந்த ஆணியில் எந்த டோக்கனை எடுக்கிறீர்கள்?

மணி அடிக்கிறார். அடியுங்கள் ஐயா. நேரமாகிவிட்டது, தெரியும். காஜாக்காவுக்கும் நேரம் போய்க்கொண்டிருக்கிறது. அறுவை மருத்துவரிடம் கெஞ்சி அவகாசம் வாங்கியிருக்கிறேன். அடுத்த முறை குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பதற்குள் புண் ஆறத் தொடங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் கத்திதான். அதுவரை அவர் பகலில் சாப்பிட வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், மாத்திரை போட வேண்டும், அடிவயிறு அதட்டிய நொடியில் எழுந்து போக வேண்டும். மருந்து என் பொறுப்பு. எழுந்து போக விடுவது உங்கள் பொறுப்பு.

எனக்கு நினைவுப்பரிசு வைத்திருக்கிறீர்களாம், கண்ணாடிப் பெட்டிக்குள் ஏதோ மின்னுகிறது. அது வேண்டாம் ஐயா. அந்த ஆணியில் தொங்குவதைக் கொடுங்கள். ஒரு லைனுடையது மட்டும் போதாது, எல்லா லைனுடையதையும் கொடுங்கள்.

பொறுங்கள். கடைசி வரிசையில் யாரோ எழுந்திருக்கிறார்கள்.

திரும்பாதீர்கள்! யாரும் திரும்பாதீர்கள், எல்லோரும் என்னையே பாருங்கள். அவர் தன்னைக் காட்டிக்கொள்ள எழவில்லை. போக வேண்டும், அதனால் எழுந்திருக்கிறார். வாட்ச்மேன் அண்ணே, கதவு! ஏன் அண்ணே முதலாளி முகத்தைப் பார்க்கிறீர்கள்? அந்த அம்மாவின் முகத்தைப் பாருங்கள்!

ஐயா, நீங்களே சொல்லுங்கள். எனக்குக் கோபமெல்லாம் வடிந்துவிட்டது, கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

சொல்லிவிட்டார்! மைக் இல்லாமலே உங்கள் எல்லோருக்கும் கேட்டிருக்கும். “திறந்து விடுப்பா!” என்று சொல்லிவிட்டார். போங்கள் அம்மா, மெதுவாகப் போய்விட்டு வாருங்கள். நாங்கள் இங்கேயே இருக்கிறோம்.

கதவைச் சாத்தாதீர்கள் அண்ணே, அப்படியே இருக்கட்டும். அதோ இன்னொருவர் எழுகிறார். இந்தப் பக்கம் இரண்டு பேர். அடடா, இத்தனை நேரம் இத்தனை பேரா அடக்கிக்கொண்டு என் பேச்சைக் கேட்டீர்கள்? முன்வரிசையில் எழுவது யார்? சூப்பர்வைசர் ஐயா, நீங்களுமா! வெட்கப்படாமல் போங்கள், நான் டோக்கன் கேட்க மாட்டேன். திரும்பி வரும்போது மட்டும் ஆணிகளில் தொங்குவதையெல்லாம் கழற்றி எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். முதலாளி ஐயா தலையசைக்கிறார், நான் பார்த்துவிட்டேன்.

எந்தப் பேச்சாளருக்கும் நடுவில் எழுந்து போகிறவர்களைக் கண்டால் கோபம் வரும். இன்று என் முதல் நன்றி, எழுந்து போனவர்களுக்கு. அடுத்த நன்றி, திரும்பிப் பார்க்காமல் இருந்தவர்களுக்கு. மணியிலிருந்து விரலை எடுத்துவிட்ட தலைவர் ஐயாவுக்கும், வேண்டாம் என்ற வார்த்தைகளையெல்லாம் கேட்ட பிறகும் மயங்கி விழாத செயலாளருக்கும் என் நன்றி. நேரத்துக்குச் சாப்பிடுங்கள், வேண்டிய மட்டும் தண்ணீர் குடியுங்கள், போக வேண்டும் என்றால் போங்கள். உங்கள் அனைவரின் குடலுக்கும் என் வணக்கம்.