இரண்டாம் பக்கத்தின் கடைசிக் குரல்

வினைல் இசைத்தட்டை வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள். எங்கள் விருதுநகர்ப் பக்கத்து வெயிலுக்கு அரை மணி நேரத்தில் அப்பளம் மாதிரி வளைந்துவிடும். என்னுடையதை அரிசி டிரம்முக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இந்தக் குழுவில் நான் இதுவரை எதுவும் எழுதியதில்லை. நீங்கள் எழுதுவதைப் படிப்பேன், அவ்வளவுதான். காளீஸ்வரனின் தட்டைப் பற்றி இரண்டு வாரமாக எழுதுகிறீர்கள். ஆன்மிக ஜாஸில் இப்படி ஒரு நேரடிக் கச்சேரிப் பதிவைக் கேட்டதே இல்லை என்கிறீர்கள். இரண்டாம் பக்கத்தின் முடிவில் அவன் ஏதோ பேசுகிறானே, அது என்ன என்று ஒருவர் கேட்டிருந்தார். அப்போது அங்கே இருந்தது நான் மட்டும்தான். அதனால் நான் சொல்வதுதான் முறை.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தேன். லைசென்ஸ் போய்க் கம்பெனியை மூடியதும் முதலாளி என்னையே காவலுக்கு வைத்தார். மனைவி இறந்து ஏழு வருடம். மகள் திருப்பூரில், பொங்கலுக்குப் போன் பண்ணுவாள். காட்டுக்குள் பதினெட்டு அறைகள், நடுவில் நான். சில நாள் சாயங்காலம் வரை ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். பேசிப் பார்த்தால் தொண்டை கரகரக்கும்.

காளீஸ்வரன் சாத்தூரில் கல்யாண பேண்டு செட்டில் சாக்ஸபோன் வாசிப்பவன். தனக்கென்று ஒரு வாசிப்பு வைத்திருந்தான். பாட்டு கிடையாது, வார்த்தை கிடையாது. சாமியை விடாமல் கூப்பிடுவது போல இருக்கும். வெடிமருந்து கலக்கும் அறையில் எதிரொலி நன்றாக இருக்கிறது என்று செவ்வாய்க்கிழமைதோறும் வந்தான். எனக்குப் புரோட்டா வாங்கி வருவான்.

“அண்ணாச்சி, இந்த எடத்துல கண்ண மூடிக் கேக்கணும். நீங்க என்னடான்னா சால்னாவத் தேடுறீக.”

“நீ வாசிலே. சால்னா ஆறிப்போகும், ஒன் சாமி ஆறாது.”

ஒன்றரை வருடம் அப்படிப் போனது. செவ்வாய்க்கிழமை என்று ஒன்று இருந்ததால் மற்ற ஆறு நாளும் ஓடியது.

போன மாசியில் சென்னைக் கம்பெனிக்காக ராம்குமார் என்ற பதிவுக்காரர் வந்தார். அதே அறையில் கச்சேரி. நாற்பது பேர் வந்தார்கள். பட்டாசு அறைக்கு நாலு வாசல் இருக்கும். கதவு வெளிப்பக்கம் திறக்கும், தாழ்ப்பாள் கூடாது. தீ என்றால் எந்தப் பக்கமும் ஓட வேண்டும். இங்கே சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். கம்பெனியை மூடியபின் சாமான் திருட்டுப் போனதால் நான்தான் வெளியே தாழ்ப்பாள் அடித்தேன். அறையைத் தண்ணீர் விட்டுக் கழுவித்தான் கொடுத்திருக்க வேண்டும். ஈரத்தரையில் வயர் போட முடியாது என்று ராம்குமார் சொன்னார். வாரியலால் பெருக்கிவிட்டேன். சுவர் ஓர வெடிப்புகளில் பழைய மருந்து இருக்கும் என்று எனக்குத் தெரியும். நமத்துப்போனதுதானே.

ஆறு மணிக்குக் கச்சேரி முடிந்தது. வந்தவர்களை வேனில் ஏற்றிவிட ராம்குமார் ரோட்டுக்குப் போனார். அவர் காரில் இருந்த பதிவுக் கருவியை நிறுத்த மறந்துவிட்டார்.

காளீஸ்வரன் சாக்ஸபோனைத் துடைத்துக்கொண்டே சொன்னான். “அடுத்த வாரம் சென்னைக்கே குடி போறோம் அண்ணாச்சி. வீட்ல பானுவுக்கும் அங்க வேல சொல்லியிருக்காக. இனிமே செவ்வாக்கெழம வர முடியாது.”

“சந்தோசம்லே. எனக்காக இன்னும் ஒண்ணு வாசிச்சிட்டுப் போ.”

“வேன் போயிருமே.”

“அதெல்லாம் நிப்பான். வாசி.”

கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தான். ரோட்டில் லாரிச் சத்தம் இருந்தது. வெளியே போய் ஒவ்வொரு கதவாகச் சாத்தித் தாழிட்டேன். நாலாவதையும் தாழிட்டேன். அரை மணி நேரம் கூடுதலாக இருப்பான், அதற்குமேல் நான் எதுவும் நினைக்கவில்லை.

ஏழெட்டு நிமிடத்தில் விளக்குக்குப் போட்டிருந்த பிளக் போர்டில் பொறி வந்தது. கதவு இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவர் ஓரமாகப் புகைந்துகொண்டே போனது. அவன் கண்ணைத் திறக்காமல் வாசித்தான். பிறகு இருமினான். நிறுத்தினான். கதவைத் தள்ளிப் பார்த்தான்.

“அண்ணாச்சி, கதவு மாட்டிக்கிருச்சு.”

நீங்கள் கேட்டது இதுதான். தட்டில் அதோடு வெட்டிவிட்டார்கள்.

என் கை தாழ்ப்பாள் மேல்தான் இருந்தது. திறந்தால் வெளியே வருவான். வந்தால் வேனைப் பிடிக்கப் போவான். அதையே நினைத்துக்கொண்டு நின்றேன். இன்னும் மூன்று தடவை கூப்பிட்டான். அதற்குப் பிறகு வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டேன். எவ்வளவு தூரம் விலக வேண்டும் என்பது போர்மேனுக்குத் தெரியும்.

அறை வெடித்ததில் கதவு, தாழ்ப்பாள் எல்லாம் துண்டு துண்டாகப் போய்விட்டன. பழைய கட்டடம், கதவு இறுகிக்கொண்டது என்று போலீஸில் எழுதிக்கொண்டார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன்.

தட்டு வெளிவந்ததும் அவன் மனைவி பானுப்பிரியா எனக்கு ஒன்று கொண்டுவந்தாள். ராம்குமார் கொடுத்த பழைய பிளேயரையும் ஆட்டோவில் தூக்கி வந்திருந்தாள்.

“கடைசியா உங்களத்தான் கூப்புட்டிருக்காரு அண்ணாச்சி. நீங்க பக்கத்துல இருந்தீகங்கிறதுதான் எனக்கு ஆறுதலு” என்றாள்.

“பக்கத்துலதான் இருந்தேன் தாயி” என்றேன். காப்பி போட்டுக் கொடுத்தேன்.

இப்போது தினமும் கேட்கிறேன். அவனுக்கு என்மேல் வருத்தம் எதுவும் இல்லை. அந்தக் குரலை நீங்களும் இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள். கோபம் இருந்திருந்தால், நாலு தடவையும் அண்ணாச்சி என்றா கூப்பிட்டிருப்பான்.